வகுப்பறைக் கவனப் பெட்டி: உள்ளே எது கருவி, எது வேடிக்கை

ஏ.டி.எச்.டி (கவனக் குறைபாடு, மிகை இயக்கக் கோளாறு) உள்ள பிள்ளைகளுக்கென்று விற்கும் வகுப்பறைப் பெட்டியைத் திறந்தால் முதலில் கையில் அகப்படுவது ஒரு கையேடு. பொடி எழுத்து, ஒரே பத்திக்குள் ஏழெட்டுக் கட்டளை. யாருக்காக இந்தப் பெட்டியோ அந்தப் பிள்ளை இரண்டாவது வரிக்குள் அட்டையின் பசை வாசனையை ஆராயப் போயிருக்கும். ஆசிரியர் நாலாவது வரி வரை தாக்குப்பிடிப்பார்.

பெட்டியின் பெயரும் நிறமும் மாறும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே சங்கதிதான். விரலிடுக்கில் சுழற்றும் ஸ்பின்னர், பொத்தான் வைத்த கனசதுரம், களிமண் மாதிரிப் பிசையும் புட்டி, அமுக்குப் பந்து, நாற்காலிக் காலுக்கு எலாஸ்டிக் பட்டை, காற்றுத் திண்டு, நிறத்தட்டு டைமர், காதுமூடி, மேசைத் தடுப்பு, நாள் அட்டை, கடைசியில் நாலைந்து நகைச்சுவைச் சுவரொட்டிகள். கைக்கும் காலுக்கும் கொடுப்பவற்றை ஒரே கேள்வியால் சலித்துவிடலாம்: இந்தப் பொருள் கண்ணைக் கேட்கிறதா? கையையோ காலையோ மட்டும் கேட்டால் வைத்துக்கொள்ளலாம். கண்ணையும் சேர்த்துக் கேட்டால் அது பொம்மை. பொம்மைக்குப் பாடவேளையில் வேலை இல்லை.

இந்தக் கேள்வியில் முதலில் தோற்பது ஸ்பின்னர். 2017-ல் ஊர் உலகமெல்லாம் பள்ளிகளுக்குள் புகுந்தது, புகுந்த வேகத்திலேயே பல பள்ளிகளில் தடையும் வாங்கியது. நடுவில் இருப்பது பெரும்பாலும் 608 பேரிங்: துளை 8 மி.மீ, வெளிவிட்டம் 22 மி.மீ, அகலம் 7 மி.மீ. ஸ்கேட்போர்டுச் சக்கரத்தில் இருப்பதும் இதுவே. அதன் குறையே அது மிக நன்றாகச் சுற்றுவதுதான். சுற்றுவதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று எண்ண வேண்டும், பக்கத்துப் பெஞ்சில் போட்டியாளர் வேண்டும், பின் பெஞ்சில் நடுவர் வேண்டும். ஏ.டி.எச்.டி உள்ள சிறு பிள்ளைகளை வைத்து வகுப்பறையிலேயே நடந்த ஆய்விலும் ஸ்பின்னர் கையில் இருந்தபோது கவனம் குறைந்ததாகத்தான் தெரியவந்தது. விளக்கு எரியும் ரகத்தை வாங்கவே வேண்டாம். அதன் பொத்தான் பேட்டரியை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும்.

கனசதுரத்துக்குப் பாதி மதிப்பெண். உருளும் பந்து, வழுக்கும் குழி உள்ள பக்கங்கள் சத்தமில்லாதவை. கிளிக் பொத்தான் பக்கம் இருக்கிறதே, அது தேர்வு அறையில் பல்லி மாதிரி: ஒருவருக்குச் சகுனம், முப்பது பேருக்குத் தொல்லை. வாங்குமுன் கையை நீட்டிப் பிடித்து எல்லாப் பக்கத்தையும் இயக்கிப் பாருங்கள். உங்கள் காதுக்கே எட்டினால் வகுப்புக்கு ஆகாது.

புட்டியில் தவறுவது அளவு. ஒரு பிள்ளையின் உள்ளங்கைக்கு 30 முதல் 40 கிராம் தாராளம். அந்த அளவில் பிசைவார்கள். 100 கிராம் கொடுத்தால் டைனோசர் செய்வார்கள், அதற்குக் குட்டியும் பிறக்கும். மூடி இறுக்கமான சிறு டப்பாவில் ஆளுக்கொன்றாக வைக்க வேண்டும். துணியில் ஒட்டினால் ஐஸ் வைத்து இறுக்கிச் சுரண்டலாம். தலைமுடியில் ஒட்டினால் கொஞ்சம் எண்ணெய். யார் தலையில் ஒட்டியது, எப்படி அங்கே போனது என்ற விசாரணைக்குத் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அமுக்குப் பந்தில் ஜெல் நிரப்பியது என்றாவது ஒருநாள் வெடிக்கும், அதுவும் பெரும்பாலும் அதிகாரி பார்வையிட வரும் நாளில். ஸ்பாஞ்ச் பந்தைக் கிள்ளிக் கிள்ளித் துகளாக்கிவிடுவார்கள். முழுக்க சிலிகானால் ஆனதுதான் நிலைக்கும்.

பெட்டிக்குக் கொடுத்த காசில் உருப்படியாகத் திரும்புவது எலாஸ்டிக் பட்டை. நாற்காலியின் முன்னங்கால் இரண்டுக்கும் குறுக்கே, தரையிலிருந்து 12 முதல் 15 செ.மீ உயரத்தில் மாட்ட வேண்டும். பிள்ளை கணுக்காலால் அதைத் தள்ளும், இழுக்கும், உதைக்கும். கண்ணுக்கு வேலையில்லை, சத்தமில்லை, மேசைக்கு மேல் எதுவும் தெரியாது. உட்கார்ந்த இடத்தில் சும்மா இருப்பதற்கே முழு முயற்சியும் செலவானால் கணக்குக்கு மிச்சம் ஏது? கால் தன் பாட்டுக்கு அசைய, தலை பாடத்தில் இருக்கட்டும் என்பதுதான் இதன் பின்னுள்ள எண்ணம்.

பட்டையில் வரும் கோளாறுகள் மூன்று. நாற்காலிக் கால் கீழே போகப்போகச் சிறுத்தால் பட்டை வழுக்கித் தரைக்கு வந்துவிடும். மாட்டும் இடத்தில் முதலில் இரண்டு சுற்று ரப்பர் டேப் ஒட்டுங்கள். பட்டை ரொம்ப இறுக்கமாக இருந்தால் வீணைத் தந்தியாகிவிடும், விரலால் மீட்டத் தொடங்குவார்கள். நடுவில் ஒரு சாண் ரப்பர் குழாய் கோத்தால் நாதம் நிற்கும். மூன்றாவது, லேட்டக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை. வகுப்பில் யாருக்காவது உண்டா என்று கேட்டுவிட்டு, உண்டென்றால் லேட்டக்ஸ் இல்லாத ரகமாக வாங்க வேண்டும். மாதம் ஒருமுறை வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அறுந்தால் அது பறக்கும் திசையை யாரும் தீர்மானிக்க முடியாது, ஆனால் பிள்ளைகள் முயல்வார்கள்.

காற்றுத் திண்டை முழுக்க ஊதுவதுதான் எல்லோரும் செய்வது. ஊதினால் பிள்ளை அதன்மேல் விழாமல் இருப்பதற்கே கவனம் முழுவதையும் செலவழிக்கும். பாதிக் காற்று போதும். உட்கார்ந்தால் மேல்தட்டு அடித்தட்டை முட்டக் கூடாது, இடுப்பு லேசாக அசைய வேண்டும். திண்டு உயர்த்தும் அளவுக்குக் கால் தரையைவிட்டு எழும்பும். கீழே ஒரு பலகை போடாவிட்டால் தொங்கும் கால் பக்கத்து நாற்காலியைத் தேடிப்போகும். காற்று அடைக்கும் துளையை முதுகுப்பக்கம் திருப்பி வையுங்கள். அதைத் திறந்தால் என்ன ஓசை வரும் என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஓசைக்குப் பிறகு அன்றைக்கு வரலாறு நடத்த முடியாது.

நிறத்தட்டு டைமர் நல்ல பொருள், தவறான இடத்தில் வைக்கப்படும் பொருள். 60 நிமிட முகத்தில் சிவப்புத் தட்டு மெல்லக் குறைந்துகொண்டே வரும். ‘இன்னும் பத்து நிமிஷம்தான்’ என்பது ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளைக்கு வெறும் சத்தம். குறையும் சிவப்பு கண்ணுக்குத் தெரியும் அளவு. ஆனால் கரும்பலகைக்கு நேர் மேலே மாட்டினால் பிள்ளை பாடத்தைவிட்டு சிவப்பைத்தான் படிக்கும். பக்கச் சுவரில், தலையைத் திருப்பினால்தான் தெரியும் இடத்தில் வையுங்கள். 60 நிமிடத்தையும் ஒரேயடியாகத் திருப்ப வேண்டாம். 8 அல்லது 10 நிமிடத் துண்டுகள், ஒவ்வொன்றின் முடிவிலும் எழுந்து நிற்க, நோட்டைக் கொடுக்க ஒரு சாக்கு. டிக் டிக் ஓசையும் மணியும் இல்லாத ரகமே சரி.

காதுமூடி ஏறக்குறைய 20 முதல் 25 டெசிபல் குறைக்கும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவு என்பதால் பக்கத்துப் பெஞ்சின் பேச்சோடு ஆசிரியரின் குரலும் போய்விடும். எழுதும் வேளைக்கு மட்டும் கொடுங்கள், கழற்ற மேசையில் இரண்டு தட்டு என்று அடையாளம் வையுங்கள். இல்லாவிட்டால் மணியடித்து வகுப்பு காலியான பிறகும் ஒரு பிள்ளை நிம்மதியாக எழுதிக்கொண்டிருக்கும். மேசைத் தடுப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான்: ஒருவருக்கு மட்டும் வைத்தால் தண்டனை, கேட்பவர்க்கெல்லாம் கொடுத்தால் தடுப்பு. பின்னால் பென்சில் சீவல் தொழிற்சாலை தொடங்கியிருக்கிறதா என்று அவ்வப்போது எட்டிப் பாருங்கள்.

பெட்டியில் இல்லாத ஒரு பொருள் மேலே உள்ள பாதியைத் தோற்கடிக்கும்: வெல்க்ரோ, அதாவது ஒட்டிப் பிய்க்கும் நாடா. 10 முதல் 15 செ.மீ நீளத்தில், சொரசொரப்பான பக்கத்தை மட்டும், மேசையின் அடிப்புறம் விரல் நுனி படும் இடத்தில் ஒட்டுங்கள். மெத்தென்ற பக்கத்தையும் கொடுத்துவிட்டால் நாள் முழுக்கப் பிய்க்கும் ஓசைதான். ஒட்டுமுன் மேசையின் அடிப்பாகத்தில் பல தலைமுறைச் சூயிங்கம் இருக்கும், அதைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டு அழுத்துங்கள்; ஒரு நாள் விட்டால் பசை பிடிக்கும். நாலு முனையையும் கத்தரியால் வளைவாக வெட்டிவிடுங்கள், கூர்முனைதான் உரிக்கக் கூப்பிடும்.

நாள் அட்டை பார்க்கச் சாதாரணக் காகிதம், பெட்டியில் வலுவான பொருள் அதுதான். 3 முதல் 5 இலக்குகள், ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஆம் அல்லது இல்லை, சாயங்காலம் வீட்டில் அன்றைக்கே ஒரு சிறு பரிசு. ‘நல்ல பிள்ளையாக இரு’ என்பது இலக்கே ஆகாது. ‘கணக்கு வேளையில் 3 நினைவூட்டலுக்குள் வேலையை முடிப்பேன்’ என்பது இலக்கு. முதலில் சில நாள் வெறுமனே எண்ணுங்கள். இப்போது 7 நினைவூட்டல் தேவைப்பட்டால் முதல் இலக்கு 6 அல்லது 5. வாரத்தில் நாலு நாளாவது பிள்ளை ஜெயிக்கும்படி இருக்க வேண்டும். அட்டை தோற்பது பெரும்பாலும் இலக்கை எடுத்த எடுப்பில் உச்சாணியில் வைப்பதால், அல்லது பரிசை மாதக் கடைசிக்குத் தள்ளுவதால். மறப்பதையே சிக்கலாகக் கொண்ட பிள்ளையிடம் மறக்காமல் அட்டையைக் கொண்டுபோகும் பொறுப்பைக் கொடுக்கிறோம் என்பதும் நினைவிருக்கட்டும். பை ஜிப்பில் கயிற்றால் கட்டுங்கள், ஒரு நகலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சுவரொட்டிகள். பாதி வாக்கியத்தில் ‘அட, அணில்!’ என்று திரும்பும் ரகம். சிரிப்பு வரும், ஒரு வாரம். பிறகு அந்தச் சிரிப்பு சுவரிலிருந்து இறங்கி ஒரு பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். இந்த நகைச்சுவைக்கு ஓடும் பிள்ளையை மட்டும்தான் தெரியும் என்பது இன்னொரு குறை. 1980-லேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு மிகை இயக்கத்தோடும் அது இல்லாமலும் கவனக் குறைபாடு உண்டு என்று பிரித்துச் சொல்லிவிட்டது. ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்து ஒரு பாடவேளையையே தவறவிடும் பிள்ளைக்குச் சுவரொட்டி கிடையாது, ‘அடக்கமான பிள்ளை’ என்ற பாராட்டுத்தான். ‘எல்லோருக்கும் கொஞ்சம் ஏ.டி.எச்.டி உண்டுதானே’ என்ற வாசகமும் பொய். அறிகுறிகள் 12 வயதுக்கு முன் தொடங்கி, வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிந்தால்தான் மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்வார்.

சுவரொட்டிக்குப் பதில் நகைச்சுவையைப் பாடத்துக்குள் வைக்கலாம், செலவில்லை. ‘ஓர் ஒட்டகம் 7 சைக்கிள் வாங்கி 3-ஐ யானைக்கு வாடகைக்கு விட்டது’ என்று கணக்கு எழுதினால் சிரிக்கவாவது வரியைப் படித்தாக வேண்டும். கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு தவறு செய்து, கண்டுபிடிக்கச் சொல்லலாம். பாடவேளைக்கு ஒன்றிரண்டு போதும், மிஞ்சினால் உண்மையான தவறையும் தந்திரம் என்றே நம்புவார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த கட்டளை வந்துவிட வேண்டும், ஒரே வாக்கியத்தில்: ‘இப்போது மூன்றாம் கணக்கு.’ அந்த வாக்கியம் தாமதித்தால் ஒட்டகம் வகுப்பை எடுத்துக்கொண்டு போய்விடும்.

‘என்ன மகாராஜா, பாடத்துக்கு எழுந்தருளிவிட்டீர்களா?’ என்ற கிண்டல் வேலை செய்வதுபோல் தெரியும், ஏனென்றால் வகுப்பு முழுக்க ஆசிரியரைப் பார்க்கும். பிள்ளை கற்றுக்கொள்வது வேறு. மதிப்பெண் வர மாதக்கணக்கு ஆகும், சிரிப்பு உடனே கிடைக்கும். உடனே கிடைப்பதன் பக்கம் சாயும் மூளை கோமாளி வேடத்தைத் தேர்ந்தெடுக்கும். வேடம் ஏற்கெனவே ஏறியிருந்தால் பிடுங்க வேண்டாம், நேரம் ஒதுக்குங்கள்: பாடவேளையின் கடைசி ஒரு நிமிடம், ஒரே ஒரு நகைச்சுவை, டைமர் ஓடும். அதையே நாள் அட்டையின் பரிசாகவும் வைக்கலாம்.

மொத்தப் பெட்டியாக வாங்குவதைவிடப் பட்டை, டைமர், வெல்க்ரோ மூன்றையும் தனியாக வாங்கி, அட்டையைக் கையால் கோடு போட்டுக்கொள்ளலாம். பட்டையை மட்டும் தேவைக்கு மேல் நாலைந்து வாங்குங்கள், ஏ.டி.எச்.டி இல்லாத பிள்ளைகளும் கேட்பார்கள், ஆசிரியர் நாற்காலிக்கும் ஒன்று வேண்டியிருக்கும்.