சேமிப்பு எங்கே இருக்கட்டும்: கிரெடிட் யூனியனிலா, வங்கியிலா?

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. சம்பளம் வந்து விழும் வங்கிக் கணக்கிலேயே அது கிடக்கிறது, வட்டி என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வருவதில்லை. கூட வேலை பார்க்கும் ஒருவர் கிரெடிட் யூனியனில், அதாவது உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுச் சேமிப்புக் கடன் சங்கத்தில், சேரச் சொல்கிறார். இன்னொருவர், கிளையே இல்லாத இணைய வங்கியில் போட்டால் வட்டி அதிகம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கு எடுத்து வைக்கும் பணத்துக்கும், பின்னால் கடன் வாங்கும் எண்ணம் இருப்பவருக்கும் கிரெடிட் யூனியன் நல்ல இடம். அதற்கு மேல் சேரும் தொகையை வட்டி எங்கே கூடுதலோ அங்கே வைக்கலாம். ஆனால் இரண்டுக்கும் முன்னால், அந்த நிறுவனம் நொடித்துப் போனால் பணத்தை யார் திருப்பித் தருவார்கள் என்று தெரிந்தாக வேண்டும்.

வங்கிக்கும் கிரெடிட் யூனியனுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு உரிமையில் இருக்கிறது. வங்கியில் பணம் போடுகிறவர் வாடிக்கையாளர், லாபம் பங்குதாரர்களுக்குப் போகிறது. கிரெடிட் யூனியனில் பணம் போடுகிறவரே உறுப்பினர், உரிமையாளரும் அவர்தான். எவ்வளவு போட்டிருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. 1864இல் ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கம், 1900இல் கனடாவின் லெவி ஊரில் அல்போன்ஸ் தெஜார்தான் தொடங்கிய மக்கள் வங்கி என்று எல்லாம் இதே எண்ணத்தில் பிறந்தவைதான்: வட்டிக்காரரிடம் சிக்காமல், நம் பணத்தை நமக்குள்ளேயே புழங்க விடுவது. நம் ஊர்க் கூட்டுறவு நாணயச் சங்கங்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஆனால் மரியாதை இருக்கிறது என்பதற்காகச் சேமிப்பை முழுதாக அங்கே கொண்டுபோய் வைத்துவிட முடியாது.

பணத்துக்கு யார் பொறுப்பு?

நிறையப் பேர் சரியாகப் பார்க்காத இடம் இது. "கிரெடிட் யூனியன் பாதுகாப்பானதா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த நாடு, எந்த மாகாணம், எந்தக் காப்பீடு என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அமெரிக்காவில் வைப்புக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்புகள் இரண்டு: வங்கி வைப்புக்கு எஃப்டிஐசி, கிரெடிட் யூனியன் வைப்புக்கு என்சியுஏ. இரண்டிலும் வரம்பு ஒன்றுதான்: ஒரு நிறுவனத்தில், ஒருவருக்கு, ஒவ்வொரு கணக்கு வகைக்கும் 2,50,000 டாலர். இரண்டுக்கும் பின்னால் மத்திய அரசு நிற்கிறது. ஆகவே பாதுகாப்பில் வங்கி ஒரு படி மேல் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. மாநில உரிமத்தில் நடக்கும் சில கிரெடிட் யூனியன்கள் அரசுக் காப்பீட்டில் இல்லாமல் தனியார் காப்பீட்டில் இருக்கின்றன. அது என்ன ஆகும் என்பதற்கு ரோட் ஐலண்ட் மாநிலம் சாட்சி. 1991 ஜனவரி 1 அன்று, அங்கே கிரெடிட் யூனியன்களுக்கும் சிறு வங்கிகளுக்கும் காப்பீடு தந்த தனியார் நிதியம் விழுந்ததால், அன்றுதான் பதவியேற்ற ஆளுநர் 45 நிறுவனங்களை ஒரே நாளில் மூட வேண்டி வந்தது. சிலருக்குப் பணம் கைக்கு வர ஓராண்டுக்கும் மேல் ஆனது. எனவே வாசலிலும் இணையதளத்திலும் என்சியுஏ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத இடத்தில் அதிக வட்டி தருகிறார்கள் என்று யார் சொன்னாலும் நான் போக மாட்டேன்.

கனடாவில் நிலைமை வேறு. வங்கிகளுக்கு மத்திய அரசின் வைப்புக் காப்பீட்டு அமைப்பான சிடிஐசி, வகைக்கு 1,00,000 டாலர் வரை. கிரெடிட் யூனியன்கள் பெரும்பாலும் மாகாணத்தின் கீழ் வருகின்றன. பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிட்டோபா ஆகிய நான்கிலும் வரம்பே இல்லை. ஒன்டாரியோவில் சாதாரணச் சேமிப்புக்கு 2,50,000 டாலர், கியூபெக்கில் 1,00,000. பெரிய தொகையை ஓரிடத்தில் வைக்க விரும்புபவருக்குச் சில மாகாணங்களில் கிரெடிட் யூனியன்தான் வங்கியைவிடக் கூடுதல் காப்பு தருகிறது. பலர் இதை நேர்மாறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வங்கிக்கும் கிரெடிட் யூனியனுக்கும் ஒரே காப்பீட்டுத் திட்டம். பிரிட்டனில் 2025 டிசம்பரிலிருந்து 1,20,000 பவுண்டு, அயர்லாந்தில் 1,00,000 யூரோ. இந்தியாவில்தான் மிகவும் கவனம் தேவை. கூட்டுறவு வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை டிஐசிஜிசி என்ற வைப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் காப்பீடு உண்டு, கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வைப்புக்கு அது கிடையாது. பெயர்ப்பலகையில் இரண்டிலும் "கூட்டுறவு" என்றே இருக்கும். உள்ளே போய்க் கேட்டால்தான் தெரியும்.

வட்டி: எவ்வளவு தொகைக்கு?

கிரெடிட் யூனியன் என்றாலே வட்டி அதிகம் என்பது பாதி உண்மை. பெரிய வங்கிகளின் சாதாரணச் சேமிப்புக் கணக்கோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் கூடுதல்தான். இணைய வங்கியோடு ஒப்பிட்டால் பல நேரம் குறைவு.

விளம்பரத்தில் வரும் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. ஒரு கிரெடிட் யூனியன் 5 சதவீதம் என்று அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடியில் சின்ன எழுத்தில், அது முதல் 1,000க்கு மட்டும், மீதிக்கு 0.25 சதவீதம் என்று இருக்கிறது. நீங்கள் 10,000 போட்டால் ஆண்டுக்குக் கிடைப்பது 50, அப்புறம் 22.50, ஆக 72.50. முழுத் தொகைக்கும் 3.5 சதவீதம் தரும் இணைய வங்கியில் அதே பணத்துக்கு 350 வரும். ஆனால் உங்களிடம் இருப்பதே 1,000தான் என்றால் இங்கே 50, அங்கே 35. தொகை மாறினால் பதிலே மாறிவிடுகிறது. சிறுகச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு இப்படிப்பட்ட கணக்குகள் உண்மையிலேயே உதவுகின்றன. அவர்களைப் பெரிய வங்கிகள் கண்டுகொள்வதே இல்லை என்பது என் வருத்தம்.

பிரிட்டன், அயர்லாந்து போன்ற இடங்களில் இன்னொரு விஷயம். பல சங்கங்கள் வட்டியை முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆண்டு முடிந்து, மிச்சத்தைப் பார்த்துப் பங்காதாயம் அறிவிப்பார்கள். நல்ல ஆண்டில் வரும், இல்லாவிட்டால் ஒன்றும் வராமலும் போகலாம். இத்தனை வந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டு வாழ்பவருக்கு இது சரிப்படாது.

சேமிப்பின் மறுபக்கம் கடன்

கிரெடிட் யூனியனின் பலம் இங்கேதான் தெரிகிறது. 20,000 வாகனக் கடனை ஐந்து ஆண்டில் அடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 9 சதவீதத்துக்குப் பதில் 7 சதவீதத்தில் கிடைத்தால் மொத்தத்தில் சுமார் 1,150 மிச்சம். முன்பு பார்த்த 10,000 சேமிப்பில் ஆண்டுக்கு இழக்கும் 277.50 வட்டியை, நான்கு ஆண்டுக்கும் மேல் இது ஈடுகட்டிவிடும். அமெரிக்காவில் மத்திய உரிமம் பெற்ற கிரெடிட் யூனியன்கள் பெரும்பாலான கடன்களுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்க முடியாது. கடன் அட்டைக்கும் அதே வரம்புதான்.

ஆனால் கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டிய ஒரு வரி உண்டு. வாகனக் கடனுக்கு ஈடாக வைத்த வண்டியை, அதே சங்கத்தில் நீங்கள் வாங்கும் கடன் அட்டைப் பாக்கிக்கும் ஈடாக்கும் பிரிவு பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. தவணை தவறினால் சேமிப்புக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. வங்கிகளும் இப்படிச் செய்வதுண்டு. அதனால் கடன் வாங்கிய இடத்திலேயே மொத்தச் சேமிப்பையும் வைக்காதீர்கள் என்பேன். மூன்று மாதச் செலவுக்கானதாவது வேறிடத்தில் இருக்கட்டும்.

வசதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செயலியும் தொழில்நுட்பமும் பெரிய வங்கியில் மேல். ஆள் எடுத்துப் பேசும் தொலைபேசி சிறிய சங்கத்தில் மேல். வெளிநாட்டுக்கு அடிக்கடி பணம் அனுப்புபவர் சேரும் முன்பே அந்த வசதி உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சில சிறு சங்கங்களில் அது இல்லவே இல்லை.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். கடன் வாங்கும் எண்ணமே இல்லை, கையில் பெரிய தொகை இருக்கிறது, இணையத்தில் எல்லாம் செய்யத் தெரியும் என்பவருக்குக் காப்பீடு உள்ள இணைய வங்கியே போதும். மற்றவர்கள் உறுப்பினராகச் சேரத் தேவையான குறைந்தபட்சப் பங்குத் தொகையைக் கட்டி ஒரு கணக்கைத் திறந்து வைக்கலாம். பெரும்பாலும் சின்னத் தொகைதான், கணக்கை மூடும்போது திரும்பக் கிடைக்கும். பல கிரெடிட் யூனியன்களில் குறிப்பிட்ட வேலையிலோ ஊரிலோ இருப்பவர்தான் சேர முடியும் என்பதால், வேலை மாறினாலோ ஊர் மாறினாலோ உறுப்பினர் உரிமை போய்விடுமா என்று பலர் தயங்குகிறார்கள். அமெரிக்காவில் பொதுவாக ஒருமுறை சேர்ந்தவர், அந்தப் பங்கை எடுக்காதவரை உறுப்பினராகவே தொடரலாம். அதனால் தகுதி இருக்கும்போதே சேர்ந்துவிடுங்கள், பணத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.