எழுத்தாளர் வலைத்தளத்துக்கு 1,440 வெள்ளி: கொடுத்தது சரியா?

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க மற்றவர்கள் அனுப்பும் கொட்டேஷனைப் படித்து, எந்த வரியில் காசு ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் என் பிழைப்பு. ஆகவே என் சிறுகதைகளுக்கு வலைத்தளம் செய்து கொடுத்த வடிவமைப்பாளரைப் பற்றிய இந்த மதிப்புரையில், தளத்தின் அழகைவிட விலையைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். அவர் பெயரைப் போடவில்லை. கையில் இருக்கும் வேலையே போதும், பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். தனியாக, வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்.

எனக்கு எதற்கு வலைத்தளம் என்று முதலில் கேட்டவர் என் மனைவி. நியாயமான கேள்விதான். ஒரு தொகுப்பு வந்திருக்கிறது, அடுத்தது அச்சில். ஆனால் ஏப்ரலில் தமிழ் மொழி விழா, நவம்பரில் சிங்கப்பூர் எழுத்தாளர் விழா என்று யாராவது கூப்பிடும்போதெல்லாம் ‘சார், ஒரு பக்கக் குறிப்பு, நல்ல படம், புத்தக அட்டை அனுப்புங்க’ என்பார்கள். ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் தேடி அனுப்பி அலுத்துவிட்டது. பள்ளிகளிலிருந்து தமிழாசிரியர்கள் கேட்பதும் இதுவேதான். ஃபேஸ்புக்கில் போட்டது அடுத்த வாரமே அடியில் போய்விடுகிறது. எல்லாம் ஓரிடத்தில் இருந்தால் ஒரு சுட்டி அனுப்பி முடித்துவிடலாம்.

மூன்று இடத்தில் விலை கேட்டேன். உள்ளூர் நிறுவனம் ஒன்று 4,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொன்னது. அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 5,232. கொட்டேஷன் முழுக்க ஒரே வரிதான்: ‘வலைத்தளத் தொகுப்பு, முழுமையானது.’ அதற்குள் தேடுபொறியில் முன்னே வருவதற்கான ஏதோ ஒரு சேவையும் இருந்தது. என் பெயரை கூகலில் தேடுபவர் யார் என்று எனக்கே தெரியும். அவர்களுக்கு நான் முதல் பக்கத்தில் வராவிட்டாலும் தொலைபேசி எண் தெரியும். சென்னையில் தெரிந்தவர் மூலம் கேட்டதில் 20,000 ரூபாய் என்றார்கள். மலிவுதான். ஆனால் தளத்தின் முகவரியை அவர்கள் பெயரில் பதிவு செய்வார்களாம், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டணத்தையும் அவர்களே நிர்ணயிப்பார்களாம். பட்டறையில் இந்த மாதிரி வரியைப் பார்த்தால் நான் பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

மூன்றாவதுதான் இவர். பூன் லே எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து தே குடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசினோம். பாதி நேரம் அவர் கேள்விதான் கேட்டார். புத்தகத்தைத் தளத்திலேயே விற்க வேண்டுமா? ஆங்கிலத்திலும் பக்கங்கள் வேண்டுமா? பழைய கதைகள் எந்த எழுத்துருவில் தட்டச்சானவை? புதிதாக ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் யார் சேர்ப்பது, நீங்களா நானா? கடைசிக் கேள்வியை மற்ற இருவரும் கேட்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து வந்த கொட்டேஷன் இப்படி இருந்தது: பக்கங்களைத் திட்டமிட்டு வடிவமைக்க 540 வெள்ளி, வோர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் கட்டி எழுப்ப 450, பழைய எழுத்துருவை இன்றைய பொதுத் தரமான யூனிகோடுக்கு மாற்றித் தமிழ் எழுத்தைச் சீர்செய்ய 270, கைபேசியில் சோதித்து எனக்குப் பயிற்சி கொடுக்க 180. மொத்தம் 1,440. அடியில் ஒரு குறிப்பு: மணிக்கு 45 வெள்ளி வீதம் 32 மணி நேர வேலை.

ஜிஎஸ்டி கிடையாது. தொழிலின் ஆண்டு விற்றுவரவு பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் அதற்குப் பதிவு செய்தாக வேண்டும். தனியாள் வலைத்தளம் செய்து அந்த உயரத்துக்குப் போவதெல்லாம் கனவில்தான்.

இங்கேதான் நண்பர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ‘மணிக்கு 45 வெள்ளியா? வீட்டில் உட்கார்ந்து கணினி தட்டுவதற்கா?’ என்று ஒருவர். இந்தக் கணக்கை நான் தொழில் புத்தியோடு பார்த்தேன். அவருக்கு முதலாளி கிடையாது. எனக்குச் சம்பளத்தின்மேல் பட்டறை மசேநிதிக்கு (மத்திய சேமநிதி) தனியாகப் பணம் கட்டுகிறது. 55 வயது வரை உள்ளவர்களுக்கு முதலாளியின் பங்கு 17 விழுக்காடு. அவருக்கு அந்தப் பதினேழு இல்லை. ஆண்டுக்கு நிகர வருமானம் 6,000 வெள்ளிக்கு மேல் போனால் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பை அவரே கட்ட வேண்டும். காய்ச்சல் வந்தால் எனக்குச் சட்டப்படி மருத்துவ விடுப்பு உண்டு. அவருக்குக் காய்ச்சல் வந்த நாள் சம்பளம் இல்லாத நாள். கணினி, மென்பொருள், மின்சாரம் எல்லாம் சொந்தக் காசு. அதோடு என்னோடு கோப்பிக்கடையில் பேசிய மணி நேரத்துக்கோ, கொட்டேஷன் எழுதிய நேரத்துக்கோ, வேலை கிடைக்காமல் போன மற்ற வாடிக்கையாளர்களோடு பேசிய நேரத்துக்கோ யாரும் பணம் கொடுப்பதில்லை. வாரத்தில் பாதி நேரம்தான் கட்டணம் வாங்கும் நேரம் என்று வைத்தால், 45 என்பது உண்மையில் 22 வெள்ளிச் சொச்சம்தான். படித்து, கற்று, அனுபவத்தோடு வேலை செய்கிறவருக்கு இந்த ஊரில் இது கொள்ளை விலை என்று என்னால் சொல்ல முடியாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். என் தொகுப்பு 300 பிரதி, விலை 18 வெள்ளி. 1,440 என்பது எண்பது புத்தகம். அதுவும் அச்சுச் செலவு, கடைக் கழிவு எதையும் கழிக்காமல். தமிழ் எழுத்தாளருக்கு எண்பது புத்தகம் சும்மா இல்லை. வெளியீட்டு விழாவில் உறவினர் வாங்குவதைத் தவிர்த்தால் அதற்கு ஓராண்டு ஆகும். ஆகவே ‘நியாயமான விலை’ என்று அவர் பக்கத்துக் கணக்கை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. என் பையில் இருந்து போகும் பணமும் வலிக்காமல் இருக்க வேண்டும். அதை அவரிடமே சொன்னேன். விலையைக் குறைக்கவில்லை, வேலையைக் குறைத்தார். புத்தகக் கடை வசதி வேண்டாம், ‘வாங்க விரும்பினால் எழுதுங்கள்’ என்று ஒரு படிவம் போதும், வங்கிக்கு நேரே பணம் போகும் பேநவ்வில் அனுப்பச் சொல்லிவிடுங்கள் என்றார். ஆங்கிலப் பக்கங்கள் இரண்டு மட்டும். மேலே சொன்ன 1,440 அப்படிக் குறைத்த பிறகு வந்ததுதான். முதலில் பேசியபடி எல்லாம் வைத்திருந்தால் இரண்டாயிரத்தைத் தாண்டியிருக்கும். தள்ளுபடி கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். தள்ளுபடி கொடுத்தவர் எங்கேயாவது அதை ஈடுகட்டுவார், நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

இப்போது கொட்டேஷனில் இருந்த அந்த 270 வெள்ளி வரிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. என் பழைய கதைகள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சானவை. அப்படியே வலைப்பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். மாற்றித்தரும் மென்பொருள்கள் உண்டு, ஆனால் ‘ஸ்ரீ’ போன்ற கிரந்த எழுத்திலும், கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளிலும் சறுக்கிவிடும். அவர் மாற்றிவிட்டு வரிக்கு வரி பார்த்தார். சந்தேகம் வந்த இடங்களை மஞ்சள் பூசி எனக்கு அனுப்பினார்.

அப்புறம் வடிவமைப்பு. விலைக்கு வாங்கும் ஆயத்த வார்ப்புருக்கள் எல்லாம் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. தலைப்பில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் அது அழகு, தமிழில் சொல் சிதறிப்போகும். வரிக்கும் வரிக்கும் நடுவே போதிய இடம் இருக்காது, மேல் வரியின் உகரச் சுழி கீழ் வரியின் இகர விசிறியில் இடிக்கும். சாய்வெழுத்து என்று தமிழில் தனி வடிவம் இல்லாத எழுத்துருவை உலாவியே வலுக்கட்டாயமாகச் சாய்த்துவிடும். எல்லாவற்றையும்விட, நம் சொற்கள் நீளம். ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காக’ என்று ஒரு தலைப்பு வைத்தால் கைபேசித் திரையின் வலது ஓரத்தைத் தாண்டிப் போய் நிற்கும். இத்தனையையும் ஒவ்வொன்றாகப் பிடித்துச் சரிசெய்தார். கதைப் பகுதிகளுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், மெனுப் பட்டிக்கு முக்த மலர். இரண்டும் இலவச எழுத்துருக்கள், உரிமக் கட்டணம் இல்லை. 1995-லேயே நா. கோவிந்தசாமி சிங்கப்பூர்த் தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றிக் காட்டிய ஊர் இது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் கைபேசியில் தமிழ்த் தலைப்பு ஒழுங்காக மடங்குவதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. ஆனால் அந்த எரிச்சல் அவர்மேல் இல்லை. தமிழ்த் தளத்துக்கு விலை சொல்பவர் இந்த வேலையைத் தனி வரியாகப் போடவில்லை என்றால், அவர் அதைச் செய்யப்போவதில்லை என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

முகவரியும் இடவாடகையும் அவர் கொட்டேஷனில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. என் பெயரில், என் கடன்அட்டையில், நானே வாங்க வேண்டும் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டினார், அவ்வளவுதான். தளம் வைத்திருக்கும் இடத்துக்கு ஆண்டுக்கு 120 வெள்ளி, ‘டாட் காம்’ முகவரிக்கு 20 வெள்ளிக்குள். எனக்குத் தமிழிலேயே ‘.சிங்கப்பூர்’ என்று முடியும் முகவரி வேண்டும் என்று ஆசை இருந்தது. அப்படி ஒன்று நிஜமாகவே உண்டு. மின்னஞ்சல் சேவைகளும் சில செயலிகளும் அதில் தடுமாறும், ஆசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தடுத்துவிட்டார். அறிமுகமான எழுத்தாளர் ஒருவரின் தள முகவரி, செய்து கொடுத்தவர் பெயரில் மாட்டிக்கொண்டு, அவர் தொலைபேசியை எடுக்காத நிலையில் இன்றும் கிடக்கிறது. அதை நினைத்தால் இந்த ஒரு பழக்கத்துக்கே என் வடிவமைப்பாளருக்குத் தனி மதிப்பெண் தரலாம்.

முன்பணம் 40 விழுக்காடு, வடிவம் பிடித்ததும் 30, தளம் வெளியாவதற்கு முன் 30. திருத்தம் இரண்டு சுற்று வரை இலவசம், அதற்கு மேல் மணிக்கணக்கு. மூன்றாவது சுற்றில் முகப்புப் படத்தின் நிறத்தை மாற்றச் சொன்னதற்கு 45 வெள்ளி வாங்கினார். முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தேன், ஆனால் ஒப்பந்தத்துக்கு மேல் கேட்கும் மாற்றத்துக்குத் தனிக் காசு, கட்டுமானத்தில் வேரியேஷன் ஆர்டர் என்று நாங்கள் சொல்வதும் இதுதானே. ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி குறைவாக இருந்தது: வடிவமைப்பின் உரிமை யாருடையது என்பது. 2021-இல் வந்த பதிப்புரிமைச் சட்டப்படி, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், காசு கொடுத்துச் செய்யச் சொன்ன வேலைக்கும் உரிமை செய்தவருக்கே. முழுப் பணம் கட்டியதும் உரிமை எனக்கு மாறும், அவர் தன் வேலை மாதிரியாகக் காட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். தகராறு செய்யாமல் சேர்த்தார்.

குறைகள் இல்லாமல் இல்லை. பராமரிப்புத் திட்டம் என்று மாதம் 60 வெள்ளிக்கு ஒன்று வைத்திருக்கிறார். ஆண்டுக்கு 720. தளத்தின் விலையில் சரிபாதி. நாள்தோறும் பொருள் விற்கும் கடைக்கு அது தேவைப்படலாம், ஆண்டுக்கு நாலு பதிவு போடும் எழுத்தாளருக்கு அது அதிகம். நான் வேண்டாம் என்றேன். வோர்ட்பிரஸையும் அதன் செருகுநிரல்களையும் எப்படிப் புதுப்பிப்பது, அதற்கு முன் நகல் எடுத்து வைப்பது எப்படி என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிட்டார், ஆக இது பெரிய குறை இல்லை. ஆனால் முதலிலேயே எழுத்தாளர்களுக்கென்று சிறிய திட்டம் ஒன்றை வைக்கலாம். புதிய புத்தகப் பக்கம் சேர்க்க 60 வெள்ளி என்பதும் எனக்கு ஒப்பவில்லை. இருக்கும் பக்கத்தை நகலெடுத்து அட்டையையும் குறிப்பையும் மாற்றும் வேலை அது. இன்னொன்று: தளம் முழுக்கத் தமிழில் இருக்க, படிவத்தில் மின்னஞ்சலைத் தப்பாக அடித்தால் வரும் எச்சரிக்கை மட்டும் ஆங்கிலத்தில் வந்தது. வாசகர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. கேட்டதும் மாற்றினார், காசு வாங்கவில்லை, ஆனால் சோதனைக்கு என்று 180 வெள்ளி வாங்கியவர் அதைத் தானே பார்த்திருக்க வேண்டும். தீபாவளியை ஒட்டி இரண்டு வாரம் ஆளே இல்லை. முன்பே சொல்லியிருந்தார்தான், இருந்தாலும்.

யாருக்கு இவர் மாதிரி ஆள் தேவை? ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவர், வார இறுதியில் கணினி முன் உட்காரப் பொறுமை உள்ளவர், விக்ஸ் அல்லது ஸ்குவேர்ஸ்பேஸ் போன்ற ஆயத்தத் தளச் சேவையில் தானே செய்துகொள்ளலாம். மாத வாடகைதான் செலவு. பழைய எழுத்துருக் கோப்புகளை வைத்துக்கொண்டிருக்கும் தமிழ் எழுத்தாளர், தளத்தைத் தானே பார்த்துக்கொள்ள விரும்புகிறவர், இவரைப் போன்றவரிடம் போகலாம். கொட்டேஷன் மணிக்கணக்கோடு வரி வரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான் கொடுப்பது ஐந்துக்கு நான்கு. அடுத்த ஜனவரியிலிருந்து மணிக்கு 55 வெள்ளி என்று பழைய வாடிக்கையாளர்களுக்கு இப்போதே எழுதி அனுப்பியிருக்கிறார். ஏற்றட்டும். என் இரண்டாவது தொகுப்பின் பக்கத்தை நானே சேர்த்துக்கொள்கிறேன்.