பழைய விண்டோஸை எடுக்கக் குடுத்தா "எஸ்எஸ்டி செத்துப்போச்சு"ன்னு சொல்றாங்க, உஷார் மக்களே

வீட்டு கம்ப்யூட்டர்ல ரெண்டு விண்டோஸ் இருக்கு, பழசைத் தூக்கிடலாம்னு பக்கத்துத் தெரு சர்வீஸ் கடைக்கு சிபியுவைத் தூக்கிட்டுப் போகப்போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க. எங்க வீட்ல நடந்தது இது, கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல மெஷினைப் பத்தி சொல்லிடுறேன், இல்லன்னா மத்தது புரியாது. அப்பா வாங்கின பழைய டெஸ்க்டாப், ஐ3, 1 டிபி ஹார்ட் டிஸ்க்ல விண்டோஸ் 7. அப்புறம் ஸ்லோ ஆயிடுச்சுன்னு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கி அதுல விண்டோஸ் 10 போட்டோம். 7-ஐ விட்டு வச்சதுக்கு ஒரே காரணம் எங்க பழைய ஸ்கேனர், அதுக்கு 7-க்கு மேல டிரைவரே வரல. இப்ப அந்த ஸ்கேனரே செத்து காயலான் கடைக்குப் போயிடுச்சு, 7-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டும் 2020 ஜனவரி 14-ஓட முடிஞ்சுபோச்சு, அப்புறம் எதுக்கு அதைக் கட்டி மாரடிக்கணும். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் எது வேணும்னு கேட்டு அந்த நீல ஸ்கிரீன் நிக்கும், அம்மா பாட்டுக்கு 7-ஐ அழுத்திட்டு "தம்பி, என் ஃபைல் எதையும் காணோம்டா"ன்னு ஆபீசுக்கு போன் பண்ணுவாங்க. (10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட மூடிட்டாங்கன்னு சொல்ல வர்றவங்களுக்கு: தெரியும், இந்த மெஷின்ல 11-க்கு வேணும்கிற டிபிஎம் பாதுகாப்பு சிப் கிடையாது, 11 ஏறாது, சப்போர்ட் முடிஞ்ச பிறகும் பாதுகாப்பு அப்டேட் தர்ற ஈஎஸ்யூல 2026 அக்டோபர் வரைக்கும்னு ஓட்டுறோம். அது தனி தலைவலி.)

அந்த 1 டிபி டிஸ்க்ல முதல் 100 ஜிபி விண்டோஸ் 7, மீதி பூரா டி டிரைவ். டி டிரைவ்லதான் போட்டோ எல்லாம். நாங்க சென்னை ஜாபர்கான்பேட்டை, 2015 டிசம்பர்ல அடையாறு தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்ப ஆல்பம் எல்லாம் ஊறிப்போச்சு. மொட்டை மாடில ஒவ்வொரு போட்டோவாப் பிரிச்சுக் காயவச்சு, ஒட்டிக்கிட்டதை மெதுவா உரிச்சு, அந்த ஸ்கேனர்ல போட்டு ஏத்தினது அத்தனையும் அங்கதான் இருக்கு. தாத்தா பாட்டி கல்யாண போட்டோ கூட. இதை கடைக்காரன்கிட்ட ஒண்ணுக்கு ரெண்டு தடவை சொல்லி, ஒரு பேப்பர்ல "டி டிரைவ் தொடக்கூடாது"ன்னு எழுதி சிபியு மேல செலோடேப் போட்டு ஒட்டியும் குடுத்தேன். "சார், இதெல்லாம் டெய்லி பண்றது, 400 ரூபா, சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க"ன்னான்.

சாயங்காலம் போனா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறான். "சார், பழைய ஓஎஸ் எடுத்துட்டேன், ஆனா உங்க எஸ்எஸ்டி டெட் ஆயிடுச்சு, பூட்டே ஆகல. புதுசு போடணும், உள்ள இருக்குற டேட்டா வேணும்னா ரெக்கவரிக்கு தனி, எல்லாம் சேர்த்து 6,500 ஆகும்". காலைல வரைக்கும் நல்லா ஓடின எஸ்எஸ்டி, இவன் பக்கத்துல இருக்குற இன்னொரு டிஸ்கை ஃபார்மட் அடிச்ச உடனே எப்படிங்க சாகும்? பயாஸ் காட்டுப்பான்னு கேட்டேன், விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி மெஷினே காட்டுற செட்டிங்ஸ் ஸ்கிரீன் அது. டெலீட் கீயைத் தட்டி உள்ள போனா எஸ்எஸ்டி பேரு, மாடல் நம்பர், 240 ஜிபி எல்லாம் அழகா நிக்குது. "பேரு வரும் சார், உள்ள செத்திருக்கும்"ங்கிறான். அடப்பாவி.

இதுக்கு மேல கூத்து, 1 டிபி டிஸ்க் என்னாச்சுன்னு கேட்டா, "எஸ்எஸ்டி போச்சுல்ல, அதான் சார் உங்களுக்காக ஹார்ட் டிஸ்க்ல புதுசா 10 போட்டு வச்சிருக்கேன், பாருங்க ஓடுது"ன்னு பெருமையா காட்டுறான். திறந்து பாத்தா மொத்த டிஸ்கும் ஒரே சி டிரைவா இருக்கு. டி டிரைவே இல்ல. நான் எழுதி ஒட்டின பேப்பர் சிபியு மேல அப்படியே இருக்கு. ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணி, கிராக் ஆக்டிவேட்டர் வேற ஒண்ணு டெஸ்க்டாப்லயே கிடக்குது, என்கிட்ட எஸ்எஸ்டில ஒரிஜினல் லைசன்ஸ் இருக்கும்போது!

சத்தம் போட்டா, குடுத்த ரசீதைத் திருப்பிக் காட்டுறான். ரசீதுன்னா சின்ன பில் புக்ல கிழிச்ச தாள், ஜிஎஸ்டி நம்பர் கிடையாது, என்ன வேலைங்கிற இடத்துல "ஓஎஸ் பிராப்ளம்"னு மட்டும் கிறுக்கியிருக்கு, பின்னாடி ஊதா மையில ரப்பர் ஸ்டாம்ப், "டேட்டாவுக்கு கடை பொறுப்பல்ல". குடுக்கும்போது அந்தப் பக்கத்தைக் காட்டவே இல்ல. செக்கிங் சார்ஜ்னு 800 ரூபா வாங்காம சிபியுவை விட மாட்டேன்னு நின்னான். பழைய டிஸ்கை இன்னும் நாலு தடவை ஆன் பண்ணிடப் போறானோங்கிற பயத்துல குடுத்துட்டு, பில் கேட்டேன், தரல, ஜிபே பண்ணின ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வச்சுக்கிட்டேன். அது அப்புறம் உதவிச்சு.

சரி, உண்மையில என்ன ஆச்சுன்னு சொல்றேன், இந்த இடத்தை மட்டும் நிதானமாப் படிங்க. ஒரு மெஷின்ல ஏற்கனவே விண்டோஸ் இருக்கும்போது ரெண்டாவது விண்டோஸை வேற டிஸ்க்ல போட்டாலும், பூட் ஆகுறதுக்கான ஃபைலை அது புது டிஸ்க்ல வைக்காம, பழைய டிஸ்க்ல ஏற்கனவே இருக்குற பூட் பார்ட்டிஷன்லயே (பார்ட்டிஷன்னா டிஸ்கைப் பிரிச்ச ஒரு துண்டு) கொண்டுபோய் வச்சிடும். விண்டோஸ் 7-ல அதுக்கு சிஸ்டம் ரிசர்வ்டுன்னு பேரு, 100 எம்பிதான், டிரைவ் லெட்டர் கூட இருக்காது, அதனால மை கம்ப்யூட்டர்ல கண்ணுக்கே தெரியாது. புது வீட்டுக்குக் குடி போயிட்டோம், ஆனா சாவி பழைய வீட்டு ஆணியிலயே தொங்குதுன்னு வச்சுக்கோங்க. இவன் பழைய வீட்டை சாவியோட சேர்த்து இடிச்சுட்டு, புது வீடு பாழாயிடுச்சுங்கிறான். எஸ்எஸ்டில விண்டோஸ் 10 ஒரு ஃபைல் கூடக் கெடாம அப்படியே இருக்கு, அதை எழுப்புற ஆள்தான் போயிட்டான். இது தெரியாமச் செஞ்சிருந்தா அரைகுறைன்னு விட்டுடலாம், ஆனா தெரிஞ்சே புது எஸ்எஸ்டி தலைல கட்டப் பாத்தான்னுதான் நான் நினைக்கிறேன், ஏன்னா பயாஸ்ல பேரைப் பாத்துட்டும் செத்துப்போச்சுன்னு ஒருத்தன் சொன்னா வேற எப்படி எடுத்துக்கிறது.

வீட்டுக்கு வந்து எஸ்எஸ்டியைக் கழட்டி, யூஎஸ்பி சாட்டா கேபிள்ல லேப்டாப்ல மாட்டினேன். அத்தனை ஃபோல்டரும் திறக்குது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, டிஸ்க் ஹெல்த்து, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு, சீரியல் நம்பர் எல்லாம் காட்டும், அதுல "குட்"னு நீலத்துல வருது. செத்த எஸ்எஸ்டியாம்!

அடுத்த நாள் ரிச்சி ஸ்ட்ரீட். ரிச்சி ஸ்ட்ரீட்னாலே ஏமாத்துவாங்கன்னு நிறைய பேர் சொல்றோம், ஆனா எனக்கு ஏமாத்தினது வீட்டு வாசல்ல, நல்லது பண்ணினது அங்க நரசிங்கபுரம் தெரு மாடில ஒரு சின்ன ரூம்ல உக்காந்திருந்த ஆளு. கதையைக் கேட்டதுமே அவர் முதல்ல சொன்னது, "ஜி, அந்த 1 டிபியை இனிமே ஆன் பண்ணாதீங்க, அதுல ஒரு எழுத்து கூட எழுதக்கூடாது". எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி, விண்டோஸ் 10 பென்டிரைவ் போட்டு, ரிப்பேர்ல கமாண்ட் பிராம்ப்ட் போய், டிஸ்க்பார்ட்ங்கிற கமாண்ட்ல எஸ்எஸ்டியோட விண்டோஸ் பார்ட்டிஷனை ஆக்டிவ் ஆக்கி, பூட் ஃபைலைப் புதுசா எழுதுற பிசிடிபூட்னு இன்னொரு கமாண்ட். டீ வர்றதுக்குள்ள விண்டோஸ் 10 லாகின் ஸ்கிரீன் வந்துடுச்சு, அம்மா வச்சிருந்த முருகன் வால்பேப்பரோட. 6,500 கேட்ட வேலை இதுதான்.

போட்டோதான் கஷ்டம். 1 டிபி டிஸ்கை அப்படியே வேற டிஸ்குக்கு இமேஜ், அதாவது அச்சு அசல் நகல் எடுத்து, அந்த இமேஜ்ல டெஸ்ட்டிஸ்க்னு ஒரு ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுத் தேடினார். அவன் பண்ணின புண்ணியம் என்னன்னா குயிக் ஃபார்மட், அது டேட்டாவை அழிக்காது, எந்த ஃபைல் எங்க இருக்குங்கிற அட்டவணையைத்தான் மாத்தும். புதுசா போட்ட 10 பெரும்பாலும் டிஸ்க் ஆரம்பத்துல, பழைய 7 இருந்த 100 ஜிபிக்குள்ளயே உக்காந்திருந்ததால டி டிரைவ் பழைய பார்ட்டிஷனாவே கிடைச்சுது. பெரும்பாலும் வந்துடுச்சு. சிலது திறந்தா மேல பாதி முகம், கீழ பாதி வெறும் சாம்பல் கலர். அக்கா வளைகாப்பு வீடியோ வரவே இல்ல. இதுவே எஸ்எஸ்டில நடந்திருந்தா ஒண்ணும் கிடைச்சிருக்காதுன்னார், ஃபார்மட் அடிச்ச உடனே ட்ரிம்னு ஒண்ணு ஓடி நிஜமாவே காலி பண்ணிடுமாம். ரெக்கவரிக்கு எனக்கு செலவாச்சு, ஆனா ஒவ்வொண்ணும் கண்ணு முன்னாடி நடந்துச்சு, கேட்டதுக்கு பதில் சொன்னார், பில்லும் குடுத்தார்.

இதே வேலையைச் செய்யணும்னா எப்படின்னு அவர்கிட்டயே கேட்டுக்கிட்டேன், அதையும் சொல்லிடுறேன். அந்த மெனு தொல்லை மட்டும்தான் பிரச்சனைன்னா கடைக்கே போக வேண்டாம், விண்டோஸ் 10-ல இருந்து எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட்ங்கிற டேப்ல பழைய விண்டோஸை செலக்ட் பண்ணி டெலீட், அவ்ளோதான், டிஸ்க்ல ஒண்ணும் அழியாது, மெனு மட்டும் போயிடும். இடமும் வேணும்னா முதல்ல முக்கியமானதை வெளில ஒரு டிஸ்க்ல காப்பி எடுங்க. அப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து எந்த பார்ட்டிஷன் மேல "சிஸ்டம்"னு எழுதியிருக்குன்னு பாருங்க. அது பழைய டிஸ்க்ல இருந்தா பூட் ஃபைலை முதல்ல புது டிஸ்குக்கு எழுத வைக்கணும், அதுக்கு முன்னாடி யாரையும் ஃபார்மட் பட்டனைத் தொட விடாதீங்க. எழுதினதுக்கு அப்புறம் மெஷினை ஆஃப் பண்ணி, பழைய டிஸ்கோட சாட்டா கேபிளைக் கழட்டிட்டு ஆன் பண்ணச் சொல்லுங்க. அது இல்லாம பூட் ஆச்சுன்னா தாராளமா அடிக்கலாம், ஆகலன்னா கேபிளைத் திரும்ப மாட்டினா போதும், பழைய நிலைமைக்கு வந்துடலாம், எதுவும் நஷ்டம் இல்ல. இந்த ஒரு டெஸ்ட்டை பண்ண மாட்டேங்கிற கடையில இருந்து சிபியுவைத் தூக்கிட்டு வந்துடுங்க.

புது மெஷின்ல பயாஸுக்குப் பதிலா யூஇஎஃப்ஐ, பூட் ஃபைல் இருக்குற இடம் அங்க ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்னு வரும், மேட்டர் ஒண்ணுதான். உபுண்டு மாதிரி லினக்ஸ் வச்சிருந்து அதைத் தூக்குறவங்களுக்கும் இதே கதைதான், பழைய பயாஸ் மெஷின்ல லினக்ஸ் பார்ட்டிஷனை அழிச்சா "கிரப் ரெஸ்க்யூ"ன்னு கருப்பு ஸ்கிரீன்ல நிக்கும், அதுக்கும் போர்டு போச்சு டிஸ்க் போச்சுன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. விண்டோஸ் 11 லேப்டாப்ல டிஸ்கையே பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும், அது உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும், குடுக்குறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சுக்கோங்க, இல்லன்னா "லாக் ஆயிடுச்சு சார், ஃபார்மட்தான் வழி"ம்பாங்க.

கடைக்காரன் விஷயம். 1915-க்கு, அதான் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், போன் பண்ணி புகார் பதிஞ்சு நம்பர் வாங்கியிருக்கேன். பணம் வாங்கிட்டு பில் தர மாட்டேன்னு சொல்றதே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம், அதனால பில் இல்லையே என்ன பண்றதுன்னு யாரும் விட்டுடாதீங்க, ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் மெசேஜ் எதுவா இருந்தாலும் எடுத்து வைங்க. மாவட்ட நுகர்வோர் கமிஷனுக்குப் போகணும்னா நாம குடியிருக்குற ஊர்லயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், பொருளுக்கோ வேலைக்கோ நாம குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. புகார் நம்பரை வாட்ஸ்அப்ல அனுப்பினதுமே "சார், பேசித் தீத்துக்கலாமே"ன்னு போன் வந்துச்சு, 800-ஐத் திருப்பி அனுப்பிட்டான். ரெக்கவரி செலவைக் கேட்டா இப்ப போன் எடுக்கிறதில்ல. அதுக்கு கமிஷன்ல போடப் போறேன், அப்பா வேணாம்டாங்கிறார், அம்மா போடுங்கிறாங்க.

கடை பேரு கேக்காதீங்க, புகார் ஓடிட்டு இருக்கு, இங்க போட மாட்டேன். எந்தக் கடையில குடுத்தாலும் மூடியைத் திறந்து டிஸ்க், எஸ்எஸ்டி, ரேம் எல்லாத்தோட ஸ்டிக்கரையும் சீரியல் நம்பர் தெரியுற மாதிரி போட்டோ எடுத்துக்கோங்க, ரசீதோட ரெண்டு பக்கத்தையும் படிங்க, டி டிரைவைத் தொடக்கூடாதுங்கிறதை அந்த ரசீதுலயே அவன் கையால எழுத வைங்க.