டோவர் சரக்கு விமான அருங்காட்சியகம்: 61-வது ஸ்குவாட்ரனைப் பின்தொடர்ந்து

போர் விமானம் பார்க்கும் ஆசையில் வருகிறவர்களுக்கு டோவர் சரிப்படாது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், டோவர் விமானப்படைத் தளத்தை ஒட்டியிருக்கும் ஏர் மொபிலிட்டி கமாண்ட் அருங்காட்சியகம் சுமைதூக்கிகளின் இடம். நிலக்கரி, ஜீப், பாராசூட் வீரர்கள், ஒரு தடவை ஏவுகணை என்று எதையாவது சுமந்து திரிந்த விமானங்கள்தான் இங்கே அதிகம். இரண்டாம் உலகப்போர் முதல் இன்றுவரை ராணுவச் சரக்குப் போக்குவரத்து எப்படி மாறியது என்பதை ஒரே மைதானத்தில் நடந்தே பார்த்துவிடலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்தவும் காசு இல்லை.

குறை என்று சொன்னால், வாசலில் தொடங்கி வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் நான்கைந்து விமானங்களுக்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். பெரிய வயிறு, உயர்ந்த வால், சாம்பல் நிறம். அதனால் ஏதாவது ஒரு ஸ்குவாட்ரனை (விமானப்படை அணியை) பிடித்துக்கொண்டு அதன் வழியே பார்ப்பது நல்லது. அதற்கு எங்கள் பரிந்துரை 61-வது ட்ரூப் கேரியர் (படைவீரர்களைச் சுமக்கும்) ஸ்குவாட்ரன். 1942-இல் தொடங்கிய இந்த அணி ‘டகோட்டா’ எனப்படும் சி-47 விமானத்தில் ஆரம்பித்து, சி-119, சி-130 என்று மாறி, இன்றும் ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக் தளத்தில் சி-130ஜே ஓட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மூன்று வகையும் இங்கே நிற்கின்றன. முதலாவது, அந்த அணியே ஓட்டிய அசல் விமானம்.

அது ஹேங்கருக்குள் (விமானக் கொட்டகைக்குள்) இருக்கும் சி-47. மூக்கில் எழுதியிருக்கும் பெயர் ‘டர்ஃப் அண்ட் ஸ்போர்ட் ஸ்பெஷல்’. 61-வது அணி அப்போது 314-வது குரூப்பின் (பல ஸ்குவாட்ரன்கள் சேர்ந்த பிரிவின்) கீழ் இங்கிலாந்தின் சால்ட்பி தளத்தில் இருந்தது. 1944 ஜூன் 6 அதிகாலையில் 82-வது வான்வழி டிவிஷனின் வீரர்களைப் பிரான்ஸின் நார்மண்டியில் இறக்கப் போன விமானங்களில் இதுவும் ஒன்று. பிற்காலத்தில் சீர்செய்யவே முடியாது என்று கைவிடப்பட்ட நிலையில் டோவருக்கு வந்தது. தன்னார்வலர்கள் அதைத் தேற்றி எடுத்ததிலிருந்துதான் இந்த அருங்காட்சியகமே 1986-இல் பிறந்தது.

இதன் இடப்பக்கப் பின்கதவருகே சற்று நேரம் நிற்க வேண்டும். சி-47 வால் சக்கரத்தில் உட்காரும் விமானம். தரையில் நிற்கும்போது உள்தளம் மூக்கை நோக்கி மேலே ஏறும். ஜீப்பை ஏற்றுவதென்றால் பக்கவாட்டுச் சாய்பலகையில் கதவுவரை ஏற்றி, உள்ளே போனதும் தொண்ணூறு டிகிரி திருப்பி, அந்த மேட்டில் முன்னோக்கித் தள்ள வேண்டும். இறக்குவதும் அதே பாடு. பறக்கும்போது இந்தக் கதவு வழியே கனமான எதையும் தள்ள வழியில்லை. ஆட்கள் குதிக்கலாம், மூட்டைகளை உதைத்துத் தள்ளலாம், அவ்வளவுதான்.

நார்மண்டியில் வீரர்கள் ஏன் திசைக்கொருவராகச் சிதறினார்கள் என்பதற்கும் விமானி அறையை எட்டிப் பார்த்தால் பாதிக் காரணம் புரியும். எல்லா விமானங்களிலும் நேவிகேட்டர் (வழி கணித்துச் சொல்பவர்) இல்லை. பெரும்பாலோர் முன்னால் போகும் தலைமை விமானத்தின் மங்கலான விளக்குகளைப் பார்த்தே ஓட்டினார்கள். கரையைத் தாண்டியதும் மேகத்திரள் குறுக்கிட்டது. ரேடியோவில் பேசத் தடை. மோதலைத் தவிர்க்க ஆளுக்கொரு பக்கம் விலகியதும் அணிவகுப்பு கலைந்துபோனது. திட்டப்படி சுமார் 700 அடி உயரத்தில், மணிக்கு 110 மைல் வேகத்தில் இறக்க வேண்டும். விமான எதிர்ப்புக் குண்டுகளுக்குத் தப்ப வேகம் கூட்டியவர்களின் விமானத்திலிருந்து குதித்தவர்களுக்குப் பாராசூட் விரிந்த அதிர்ச்சியிலேயே காலில் கட்டிய பைகள் அறுந்து போயின. சொந்தப் படையே சுட்டுவிடாமலிருக்க அடையாளமாக இறக்கையில் பூசிய கறுப்பு வெள்ளைப் பட்டைகளுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு: 1943 ஜூலை 11 இரவு சிசிலியில், சொந்தக் கப்பல்களும் தரைப்படையும் சுட்டதில் 144 சி-47களில் 23 விழுந்தன.

அடுத்து வெளியே சி-119. இந்திய விமானப்படையில் ‘பாக்கெட்’ என்று பல ஆண்டுகள் ஓடியது இதுவேதான். (மலைப்பகுதிக்காக நம்மூரில் முதுகில் ஒரு ஆர்ஃபியஸ் ஜெட் எஞ்சினையும் ஏற்றினார்கள், இங்கே இருப்பதில் அதைத் தேட வேண்டாம்.) இங்கே நிற்பது 61-வது அணியுடையது அல்ல. இருந்தாலும் பின்பக்கம் போய் நின்றால் என்ன மாறியது என்று உடனே பிடிபடும். தளம் கிடைமட்டம், லாரியின் உயரம், முழு அகலத்துக்குத் திறக்கும் இரட்டைக் கதவு. வால் இரண்டு தண்டுகளில் ஒதுங்கிக்கொண்டதால் லாரி நேராகப் பின்னால் வந்து ஒட்டலாம்.

ஆனால் அந்தக் கதவுகளைப் பறக்கும்போது திறக்க முடியாது. கனமான சுமையை வானிலிருந்து தள்ள வேண்டுமென்றால் கதவுகளைத் தரையிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கொரியப் போரின் கடுங்குளிரில் பின்புறம் திறந்தபடியே பறந்தால் உள்ளே இருந்தவர்கள் கதி என்ன என்று எண்ணிப் பாருங்கள். 1950 டிசம்பர் 7 அன்று 314-வது குரூப்பின் எட்டு சி-119கள், கொரியாவின் கோட்டோ-ரியில் சீனப் படையால் சூழப்பட்டிருந்த அமெரிக்க மரைன் படையினருக்காக ஆளுக்கொரு பாலத் துண்டை, ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல், பாராசூட்டில் இறக்கின. ஒன்று சேதமானது, ஒன்று சீனர் கையில் விழுந்தது. பாலம் போட மிச்சம் போதுமானதாக இருந்தது. சி-119-இன் இன்னொரு பலவீனம் எஞ்சின்: சுமையோடு இருக்கும்போது இரண்டில் ஒன்று நின்றால் உயரத்தைத் தக்கவைப்பதே போராட்டம்.

மூன்றாவது சி-130. இங்கே நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, பின்னால் இருக்கும் சாய்தளத்தைப் பார்த்தாலே போதும். தரையிலிருந்து சுமார் 41 அங்குல உயரத்தில் தளம், 40 அடி நீளச் சரக்கறை, பறக்கும்போதே திறந்து மூடும் ராம்ப், நான்கு டர்போப்ராப் (விசிறியைச் சுழற்றும் ஜெட் வகை) எஞ்சின்கள். முந்தைய இரண்டு விமானங்களின் கதவில் பட்ட பாடெல்லாம் இதில் தீர்ந்துவிட்டது. 1954-இல் முதலில் பறந்த இதன் வடிவம் இன்றுவரை பெரிதாக மாறாததற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

61-வது அணியோடு தொடர்பில்லாவிட்டாலும் தவறவிடக்கூடாதவை சில உண்டு. சி-54எம், சோவியத் முற்றுகையில் இருந்த மேற்கு பெர்லினுக்கு விமானத்திலேயே பொருள் அனுப்பிய பெர்லின் வான்பாலத்தில் நிலக்கரி சுமப்பதற்கென்று மாற்றிய 38 விமானங்களில் எஞ்சிய ஒன்று. சி-47 சுமார் மூன்றரை டன் ஏற்றிய இடத்தில் சி-54 பத்து டன் ஏற்றியது. ஆனால் கரித்தூள் கேபிள்களை அரித்தது, மின் இணைப்புகளைக் கெடுத்தது. சி-141 ஜெட் சரக்கு விமானத்தில் ஏ, பி வகைகள் இரண்டும் இங்கே இருக்கின்றன. ஏ-இல் எடை வரம்பை எட்டுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். அதனால்தான் உடலை வெட்டி 23 அடிக்கு மேல் நீட்டி பி ஆக்கினார்கள். முதலில் ஏ-யைச் சுற்றி நடந்து, பிறகு பி-யைச் சுற்றினால் வித்தியாசம் காலுக்கே தெரியும். அந்த ஏ, 1963 டிசம்பரில் பறந்த முதல் சி-141. சி-5 கேலக்ஸியோ, 1974 அக்டோபர் 24 அன்று பசிபிக் மீது மினிட்மேன் என்ற கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைப் பின்கதவு வழியே பாராசூட்டில் இழுத்துத் தள்ளி, அந்தரத்தில் எஞ்சினைப் பற்றவைத்துச் சோதித்த அதே விமானம். பி-17 குண்டுவீச்சு விமானத்துக்குக் கூட்டம் சேரும். நேரம் குறைவென்றால் அதைத் தாராளமாக விட்டுவிடலாம்.

போகும் வழி: டெலவேர் ரூட் 1-இல் 91-வது எக்ஸிட், பிறகு ரூட் 9. அருங்காட்சியகத்துக்குத் தனி நுழைவு இருப்பதால் ராணுவத் தளத்தின் பிரதான வாயிலுக்குப் போகவோ அனுமதிச் சீட்டு வாங்கவோ தேவையில்லை. ‘டோவர் ஏர் ஃபோர்ஸ் பேஸ்’ என்று மேப்பில் போட்டால் காவலர் வாயிலில்தான் போய் நிற்பீர்கள். அருங்காட்சியகத்தின் பெயரையே போடுங்கள். வடக்கே பிலடெல்பியா பக்கமிருந்து வந்தால் ரூட் 1-இல் சுங்கம் உண்டு. திங்கட்கிழமை விடுமுறை. மாலை நான்கு மணிக்கு மூடுவதால் மதியத்துக்கு மேல் வந்தால் அவசர அவசரமாகத்தான் பார்க்க முடியும். நிதானமாகப் பார்க்க நான்கு மணி நேரம் வேண்டும்.

பெரிய விமானங்கள் எல்லாம் திறந்த கான்கிரீட் தளத்தில் நிற்கின்றன, நிழல் கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் வெளியை முதலில் முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் ஹேங்கருக்குள் வாருங்கள். குளிர்காலத்தில் காற்று அறையும் என்பதால் தொப்பி, கையுறை அவசியம். எல்லா விமானங்களுக்குள்ளும் எல்லா நாளும் ஏற விடுவதில்லை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை விமானி அறைகளைத் திறந்துவிடுவது வழக்கம். கிளம்புமுன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏணிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். வழிகாட்டும் தன்னார்வலர்களில் பலர் இதே விமானங்களை ஓட்டியவர்கள் அல்லது பழுது பார்த்தவர்கள். அவர்களிடம் விமானத்தின் வேகத்தைக் கேட்காதீர்கள், அது பலகையிலேயே இருக்கும். ஒரு லாரியை உள்ளே ஏற்றிக் கட்ட எத்தனை சங்கிலி, எங்கெங்கே மாட்டுவார்கள் என்று கேளுங்கள், ஆளை விடமாட்டார்கள்.