பாகுபாட்டு முறைப்பாடுகளுக்கு ஒரு கூகுள் ஷீட்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

வேலைத்தளத்தில் நடக்கும் பாகுபாடு பற்றிய முறைப்பாடுகளை எடுத்து விசாரிக்கும் ஒரு சின்னக் குழுவில் வேலை செய்கிறேன். கந்தோர் மட்டக்களப்பில், ஆட்கள் வருவது வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும். முதலில் சீஆர் கொப்பி, அப்புறம் கொஞ்சக் காலம் மாதச் சந்தா கட்டும் ஒரு மென்பொருள், இப்போது சில வருடமாக முழுப் பதிவேடும் கூகுள் ஷீட்டில். இதே வேலை செய்யும் வேறு இடத்துப் பிள்ளைகள் அடிக்கடி இதைப் பற்றிக் கேட்கிறார்கள், அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

ஷீட் நல்லது, செலவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆனால் "யார் யார் முறையிட்டார்கள்" என்ற பட்டியலாக மட்டும் அதை வைத்திருந்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. எந்த முறைப்பாட்டுக்கு எந்தத் திகதி கடைசி, அதுவரைக்கும் அது யார் கையில் இருக்கிறது, இந்த இரண்டையும் சொல்லும் பதிவேடுதான் முறைப்பாட்டாளரைக் காப்பாற்றும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

ஏனென்றால் இந்த வேலையில் காலக்கெடு மிகக் கொடியது. அரச வேலையில் இருக்கும் ஒருவர், இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை (சமத்துவ உரிமை) மீறப்பட்டதென்று, அடிப்படை உரிமை வழக்குக்கான 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக 1 மாதம்தான். இடமாற்றக் கடிதம் கிடைத்து, வீட்டில் கதைத்து, சங்கத்தில் கேட்டு, மேலதிகாரியைக் கெஞ்சிப் பார்த்து எங்களிடம் வந்து சேரும்போதே அதில் பாதி போய்விடும். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு ஒரு வழி தருகிறது: அந்த 1 மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் இருப்பதால் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. ஆனால் முறைப்பாட்டு இலக்கத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாது, விசாரணை உண்மையாகவே நடந்துகொண்டிருந்ததா என்று நீதிமன்றம் பார்த்திருக்கிறது. ஆகவே ஆணைக்குழுவிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதமும், அழைப்பும், நாங்கள் அங்கே போன திகதியும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

தனியார் துறை என்றால் பாதையே வேறு. 126 அங்கே உதவாது. வேலையை விட்டு நீக்கியிருந்தால் தொழில் நியாயசபைக்கு 6 மாதத்துக்குள் விண்ணப்பம். கர்ப்பம் என்று தெரிந்ததும் நிறுத்தியிருந்தால் 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டமோ, கடை கந்தோர் ஊழியர் சட்டமோ, இடத்தைப் பொறுத்து. அதனால் எங்கள் ஷீட்டில் முதல் நிரலே "அரசா, தனியாரா" என்பதுதான். அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக நான் யாரையும் விடுவதில்லை.

திகதிக் கணக்குக்கு, ஒரு திகதியோடு மாதங்களைக் கூட்டும் ஈடேட் (EDATE) சூத்திரம் நன்றாக வேலை செய்கிறது, சம்பவத் திகதியைப் போட்டால் கடைசித் திகதியைத் தானே காட்டும். அது வருவதற்கு 10 நாளுக்கு முன்னமே கட்டம் சிவப்பாகும்படி வைத்திருக்கிறோம். தகவலறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கும் ஆவணங்களைத் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல 14 வேலை நாள் என்பதால் அதற்கு வேலை நாட்களை மட்டும் எண்ணும் வேர்க்டே (WORKDAY) சூத்திரம், ஆனால் போயா உட்பட லீவு நாட்களை வருடா வருடம் நாங்களே ஒரு தாளில் போட்டு அதோடு இணைக்க வேண்டும். அரை மணித்தியால வேலை, ஜனவரியிலேயே செய்துவிடுங்கள்.

இனி விசாரணை. பாகுபாடு என்பதை நிரூபிப்பதே ஒப்பிட்டுத்தான்: அதே பதவியில், அதே தகுதியோடு, வேறு இனத்தவரோ வேறு மதத்தவரோ ஆணோ இருந்திருந்தால் எப்படி நடத்தியிருப்பார்கள்? இதற்கென்று "யாரோடு ஒப்பிடுகிறோம்" என்று ஒரு நிரல் போட்ட நாளிலிருந்து வாக்குமூலங்களின் தரமே மாறியது. முதல் சந்திப்பிலேயே அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டியிருக்கிறது, பதில் இல்லையென்றால் அது இல்லை என்று பளிச்சென்று தெரிகிறது, பிறகு ஆளணிப் பட்டியலைக் கேட்டு எழுதுகிறோம். எந்த அடிப்படையில் பாகுபாடு என்ற நிரலில், அரசியலமைப்பின் 12(2) சொல்லும் இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் எல்லாம் இருக்கின்றன, கூடவே மாற்றுத்திறன், கர்ப்பம். முன்பு ஒரு கட்டத்தில் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம், இப்போது பலதை எடுக்கலாம். இது எங்கள் பகுதிக்கு மிக முக்கியம். அபாயா போட்ட, கர்ப்பிணியான ஒரு பெண்ணை ஒதுக்கும்போது எந்தக் காரணத்துக்காக ஒதுக்கினார்கள் என்று பிரித்தெடுக்க அவரால் முடியாது, எங்களாலும் முடியாது, ஒன்றை மட்டும் எழுதினால் மற்றது காணாமல் போய்விடும்.

எங்கள் குழுவில் ஒருவருக்கு எத்தனை முறைப்பாட்டுக் கோவை கொடுக்கலாம் என்பதில் நான் பிடிவாதக்காரி. எண்ணிக்கையை வைத்துப் பங்கிடுவது அநியாயம். சிங்களத்தில் மட்டும் கடிதம் அனுப்பினார்கள் என்ற ஒரு முறைப்பாடும், அக்கரைப்பற்றிலும் திருக்கோவிலிலுமாகப் பல சாட்சிகளைத் தேடிப்போக வேண்டிய ஒரு பாலியல் தொந்தரவு முறைப்பாடும் எப்படி ஒன்றாகும்? நாங்கள் வேலை எவ்வளவு என்று பார்த்து ஒவ்வொரு கோவைக்கும் 1, 2, 3 என்று பாரம் போடுகிறோம், ஷீட் ஒவ்வொருவரின் மொத்தத்தையும் கூட்டிக் காட்டும். பாரம் கூடினவருக்குப் புதிதாக எதுவும் போகாது. நிதி தருபவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிப்பதில்லை, கோவை எண்ணிக்கைதான் வேண்டுமாம். அவர்களுக்கு அதைத் தனியாகக் கொடுக்கிறோம், வேலையைப் பாரத்தை வைத்தே பங்கிடுகிறோம்.

தமிழில் வேலை செய்வதில் இரண்டு தொல்லை. முதலாவது பாமினி. இங்குள்ள கந்தோர்களிலிருந்து வரும் கடிதக் கோப்புகளில் இன்னும் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துரு இருக்கிறது, அதை ஷீட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும், தேடவும் முடியாது. யுனிகோட்டுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். இரண்டாவது பெயர்கள்: முகம்மது, முஹம்மத், முகமட் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம், ஒரே ஆள் இரண்டு தரம் பதிவாகியிருக்கலாம். சந்தா கட்டிய அந்த மென்பொருளை விட்டதற்கே முக்கிய காரணம் தமிழில் ஒழுங்காகத் தேட ஏலாமல் இருந்ததுதான். ஷீட்டில் பெயரின் ஒரு துண்டைப் போட்டாலும் தேடலாம், ஆனால் எழுத்து வேறுபாட்டை அது கண்டுபிடிக்காது. அதனால் அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி 4 இலக்கங்களை வைத்துச் சரிபார்க்கிறோம்.

இரகசியம்தான் எனக்கு இன்னும் பயமான இடம். இங்கே எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள், "ஆரையம்பதி, வங்கி, பெண்" என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஷீட்டில் நிரலை மறைப்பதும் பூட்டுவதும் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். பூட்டினால் மாற்றத்தான் முடியாது, பார்க்கலாம். பார்க்க அனுமதியுள்ளவர் பிரதி எடுத்து, மறைத்ததைத் திறந்துவிடலாம், பிரதி எடுப்பதைத் தனியாகத் தடுக்க வேண்டும். ஆகவே பெயர், ஊர், தொலைபேசி எல்லாம் வேறொரு கோப்பில், அதைத் திறக்க 2 பேருக்குத்தான் அனுமதி. பொதுப் பதிவேட்டில் இலக்கம் மட்டும். "எப்போது அழைக்கலாம், யார் எடுத்தால் வைத்துவிட வேண்டும்" என்றும் எழுதி வைக்கிறோம், பல வீடுகளில் போன் ஒருவருடையது மட்டுமில்லை.

மாற்ற வரலாறு ஷீட்டின் மிகப் பெரிய பலம். யார், எப்போது, எந்தத் திகதியை மாற்றினார்கள் என்று எடுத்துக் காட்டலாம், "பதிவைப் பிறகு திருத்தினீர்கள்" என்று எதிர்த்தரப்பு சொன்னால் வாயடைக்கலாம். போனில் அகலமான ஷீட்டைப் பார்ப்பது கஷ்டம், கல்முனை பஸ்ஸில் இருந்துகொண்டு அதை நிரப்ப முயலாதீர்கள், சின்னப் படிவம் ஒன்றை இணைத்துவிடுங்கள்.

கடைசியாகச் சேர்த்த நிரல் "மூடிய பின்". விசாரணை முடிந்து 3 மாதம் கழித்து அழைத்து, ட்யூட்டி நேரத்தை மாற்றினார்களா, சம்பள உயர்வை நிறுத்தினார்களா என்று கேட்கிறோம். பழிவாங்கல் அப்போதுதான் வருகிறது. அது வந்தால் பழைய கோவையைத் திறப்பதில்லை, புதிய இலக்கம், புதிய சம்பவத் திகதி, புதிய 1 மாதம். இந்த இணைப்புகள் கூடக் கூட ஷீட் சிக்கலாகிறது, ஒரு கோவைக்குக் கீழே இன்னொன்று என்று அடுக்க அது உருவாகவில்லை. 5 பேருக்கு மேற்பட்ட குழு என்றால் ஷீட்டோடு நிற்காமல் ஒழுங்கான தரவுத்தளம் ஒன்றைப் பாருங்கள், ஆனால் வாங்குவதற்கு முன் அதில் தமிழில் ஒரு பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.