கொடி மூங்கிலா, பிரம்பா, மஞ்சள் மூங்கிலா?

2016 டிசம்பரில் வர்தா புயல் பக்கத்து மனையின் தூங்குமூஞ்சி மரத்தைச் சாய்த்ததிலிருந்து எங்கள் மேற்குச் சுவருக்கு நிழலே இல்லை. மே மாதத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கும் அதில் கை வைக்க முடியாது. பச்சையாக ஒரு மறைப்பு வேண்டும் என்று புலம்பியபோது, அந்தமானில் வேலை பார்க்கும் மைத்துனன் போனில் சொன்னான்: "மாமா, இங்க மூங்கிலே கொடியா மரத்துல ஏறுது. அதை வைங்களேன்!"

அந்தக் கொடி மூங்கிலின் பெயர் டைனோகுளோவா. அந்தமானுக்கென்றே டைனோகுளோவா அந்தமானிகா என்றொரு இனம் உண்டு. அதன் சொந்தங்கள் போர்னியோ, பிலிப்பைன்ஸ் காடுகளிலும் இருக்கின்றன. பற்றுக்கம்பியோ கொக்கியோ கிடையாது. தண்டு கணுவுக்குக் கணு இடமும் வலமுமாகக் கோணிக் கோணிப் போகும். அந்தக் கோணலையே கிளைகளில் மாட்டிக்கொண்டு மேலே போய்விடுகிறது. தண்டு முறிந்தால், கணுவில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டு கிளம்பி அதன் இடத்தைப் பிடிக்கும். இன்னொரு வேடிக்கை, மூங்கில் அரிசி மாதிரி மணியாக இல்லாமல் சதைப்பற்றுள்ள காய் காய்க்கும்.

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது ஈரக்காட்டுச் செடி, ஏற உயரமான மரமும் வேண்டும். நம் கத்திரி வெயிலில், மொட்டைச் சுவரில், அதை வைப்பது பாவம்.

சரி, பிரம்பு? பார்க்க மூங்கில் மாதிரி இருந்தாலும் அது தென்னை, பனையின் பங்காளி. வெட்டிப் பார்த்தால் உள்ளே துளை இருக்காது, கெட்டி. சூடு காட்டி நாற்காலிக்கு வளைப்பது அதனால்தான். ஏறுவதற்குச் சாட்டை போல ஒரு நீட்டம், அது முழுக்க வளைமுள். குழந்தைகள் பந்து பொறுக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

மிச்சம் மஞ்சள் மூங்கில். கொடி இல்லை, அழகிலும் கொஞ்சம் சாதாரணம்தான். ஆனால் புதராக ஒரே இடத்தில் நிற்கும், வெயில் தாங்கும், காற்றுக்கு வளைந்து கொடுக்கும். தொல்லை இரண்டு. கோடையில் தினமும் தண்ணீர் கேட்கும். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் அது சின்ன விஷயமில்லை. அப்புறம் சருகு. கீழ்த்தளத்து போர்டிகோவின் மழைநீர்க் குழாயை மாதம் ஒருமுறை நோண்ட வேண்டியிருக்கிறது. சம்ப் பக்கம் மட்டும் நடாதீர்கள்.

இரண்டு சிமெண்ட் தொட்டியில் வைத்துவிட்டேன். மைத்துனனிடம் அந்தக் காயைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.