கருவிழியில் பூஞ்சைப் புண்: நேட்டமைசினா, வோரிகோனசோலா?

இலையோ குச்சியோ கண்ணில் உரசிச் சில நாள்கள் ஆகியிருக்கும். கண் சிவந்து, கூசி, கருவிழியில் சாம்பல் நிறத்தில் ஒரு புண் தெரியும். அதிலிருந்து சுரண்டியெடுத்ததைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் கிளைவிட்ட இழைகள். பூஞ்சைதான். எந்தச் சொட்டு மருந்தை முதலில் எடுப்பது?

நேட்டமைசின் பழைய மருந்து, பால்போல் கலங்கலாக இருக்கும். பாட்டிலின் அடியில் படிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கித்தான் விட வேண்டும். விட்டபின் வெள்ளைப் பொடியாகப் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். புண் பெரிதாகிவிட்டதோ என்று வீட்டார் பதறுவது இதனால்தான். கருவிழியின் ஆழத்துக்குள் இது எளிதில் இறங்காது. வோரிகோனசோல் அப்படியல்ல. தெளிந்த நீராக இருக்கும், ஆழமாக ஊடுருவும், ஆய்வகத்தில் பலவகைப் பூஞ்சைகளை அடக்கும். காகிதத்தில் புதியதே வெல்ல வேண்டும்.

கண்ணில் நடந்தது வேறு. தென்னிந்தியாவின் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், மூன்று மாத முடிவில் நேட்டமைசின் பெற்றவர்களின் பார்வையே மேலாக இருந்தது. கருவிழி ஓட்டையானவர்கள் அல்லது நோயை அடக்கவே கருவிழி மாற்று அறுவை தேவைப்பட்டவர்கள் நேட்டமைசின் பிரிவில் 18 பேர், வோரிகோனசோல் பிரிவில் 34 பேர். ஆறாம் நாள் மீண்டும் சுரண்டி வளர்த்துப் பார்த்தபோதும் வோரிகோனசோல் பிரிவில்தான் பூஞ்சை அதிகம் மிஞ்சியிருந்தது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஃப்யூசேரியம் என்ற பூஞ்சை. அதில் நேட்டமைசின் பெற்றவர்கள் பார்வைப் பலகையில் சராசரியாக நான்கு வரிகள் கூடுதலாகப் படித்தார்கள். அஸ்பெர்ஜில்லஸ் உள்ளிட்ட மற்றவற்றில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் எந்தப் பூஞ்சை என்று வளர்ப்புச் சோதனை சொல்ல நாள்கள் ஆகும்; அதுவரை மருந்தில்லாமல் காத்திருக்க முடியாது. ஆகவே இழைப் பூஞ்சை என்று தெரிந்த உடனே நேட்டமைசினைத் தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. புண் ஆழமானால் வோரிகோனசோலைக் கூடச் சேர்க்கலாம், நேட்டமைசினை நிறுத்திவிட்டு அல்ல. கேண்டிடா போன்ற ஈஸ்ட் வகைக்கு ஆம்போடெரிசின் பி வேண்டும், அது தனிக் கணக்கு.

வோரிகோனசோல் மாத்திரையையும் சேர்த்தால்? கடும் புண் கொண்ட 240 பேரிடம் அதையும் சோதித்தார்கள். கருவிழி ஓட்டையாவது குறையவில்லை, பக்கவிளைவுகளே கூடின. ஸ்டீராய்டு சொட்டு மருந்தோ பூஞ்சைக்குத் தீனி. சிவப்பு குறையட்டும் என்று அதைத் தாமாக வாங்கி விட்டுக்கொண்டவர்களின் கண்கள்தான் பெரும்பாலும் மிக மோசமான நிலையில் மருத்துவரிடம் வருகின்றன.

323 பேரின் அந்த முதல் ஆய்வில் முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, பிறகு மூன்றாம் வாரம் முடியும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு விட்டார்கள். பத்தாம் நாளே வலி போய்க் கண்ணின் சிவப்பும் மறைந்துவிடலாம். ஆழத்தில் இழைகள் அப்போதும் உயிரோடு இருக்கக்கூடும். மருத்துவர் சொல்லும்வரை பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே இருங்கள்.